ஓடிக்கொண்டிருப்பதைத் தொடுவது

“ஓடிட்டிருக்கிறதைத் தொடாதீங்க.” சர்வர் பராமரிப்பவர்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கேட்டுவிடும் புத்திமதி இது. சொல்பவர் பெரும்பாலும் அடிபட்டவராக இருப்பார். சனிக்கிழமை மாலை நல்லெண்ணத்தோடு போட்ட ஓர் அப்டேட், திங்கட்கிழமை காலைவரை அவரைத் தூங்கவிடாமல் படுத்தியிருக்கும். பட்டறிவிலிருந்து வரும் பேச்சு என்பதால் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் தொடாமல் விட்ட சர்வரும் அப்படியே இருந்துவிடுவதில்லை. அதற்குள் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கலாம். அதைச் சுற்றியிருக்கும் உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் கிடந்த ஓட்டை ஒரு நாள் எல்லோருக்கும் தெரிந்ததாகிவிடுகிறது. அதே நிரல், அதே கணினி. நேற்று பத்திரமாக இருந்தது, இன்று இல்லை.

2017 மார்ச் 7 அன்று அப்பாச்சி ஸ்டிரட்ஸ் என்ற மென்பொருளின் ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் வெளியானது. அமெரிக்காவின் எக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் அதைப் போடச் சொல்லி உள்ளுக்குள் மின்னஞ்சலும் போனது. ஆனால் அந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வர் விடுபட்டுப்போயிற்று. மே மாதம் அதன் வழியாக உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை கண்ணில் படவில்லை. ஏறத்தாழ 14.7 கோடி பேரின் சொந்த விவரங்கள் பறிபோயின. அதே ஆண்டு மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற தீநிரல் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அப்டேட்டே ஆபத்தான கதைகளும் இதே அளவுக்கு உண்மையானவை. டெபியன் என்ற லினக்ஸ் இயக்க முறைமையைத் தயாரிப்பவர்கள் 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கப் பொதியில் செய்த ஒரு சிறு மாற்றம், ரகசியச் சாவிகளை உருவாக்கும்போது வேண்டிய தற்செயல்தன்மையைக் கிட்டத்தட்ட முழுவதுமாக நீக்கிவிட்டது. எண்ணி முடிக்க முடியாத அளவில் இருக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் 32,768க்குள் அடங்கிப்போயின. 2008 மே மாதம் கண்டுபிடிக்கப்படும்வரை, ஒழுங்காக அப்டேட் போட்டவர்கள் எல்லோரும் அந்தப் பலவீனத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. பாதுகாப்புக்காக வாங்கி நிறுவிய மென்பொருள்தான் விமான நிலையங்களை நிறுத்திவைத்தது.

இந்த இரண்டு வரிசையையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, உடனே போடுவதா தள்ளிப்போடுவதா என்ற வழக்கமான விவாதம் எனக்குப் பாதி விவாதமாகவே பட்டது. எக்விஃபாக்ஸ் விழுந்தது தன்னிடம் எங்கே என்ன ஓடுகிறது என்று தெரியாததால். கிரவுட்ஸ்டிரைக் விஷயத்தில் தவறான கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் விழுந்துவிட்ட கணினிகளால் திருத்தத்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை. பெரும்பாலானவற்றின் முன்னால் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. முன்னே போகும் வழி இருந்தது, திரும்பி வரும் வழி இல்லை. ஆகவே ஓர் அப்டேட்டின் பாதுகாப்பு, கட்டளையை அடிக்கும் நேரத்துக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. என்னிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா? போனது சரியில்லை என்றால் திரும்பி வர எனக்குத் தெரியுமா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர் வேகமாகவும் போகலாம், நிதானமாகவும் போகலாம்.

*

பெரிய நிறுவனங்களின் கதையை விட்டுவிட்டு, நமக்குப் பழக்கமான ஓர் இடத்தில், ஒரு கல்லூரி நூலகத்தில், இதை வைத்துப் பார்க்கலாம். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா வட்டார நூலகங்களில் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்பதால், 1999இல் அவர்களுக்காகப் புதிதாக எழுதப்பட்டது கோஹா. 2000 ஜனவரி முதல் வாரத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. கட்டற்ற மென்பொருளாக அதை அவர்கள் உலகத்துக்குக் கொடுத்துவிட்டதால், தமிழ்நாட்டின் பல கல்லூரி நூலகங்கள் இன்று அதில்தான் புத்தகம் கொடுக்கின்றன, வாங்குகின்றன. உரிமக் கட்டணம் கிடையாது. நூலகத்திலோ கணினித் துறையின் ஒரு மூலையிலோ இருக்கும் ஒரு கணினி, அதில் டெபியன் அல்லது உபுண்டு, அதன்மேல் இணையப் பக்கங்களுக்கு அப்பாச்சி, தரவுத்தளத்துக்கு மரியாடிபி, தேடலுக்கு ஸீப்ரா, எல்லாவற்றுக்கும் மேலே கோஹா. இத்தனையையும் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரே ஒருவர். அவருடைய நியமன ஆணையில் சர்வர் என்ற சொல்லே இருக்காது.

அந்த ஒருவர் லாகின் செய்தவுடன், இத்தனை அப்டேட்கள் காத்திருக்கின்றன, கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது என்று உபுண்டு எழுதிக் காட்டுகிறது. ஒரே எண்ணாகத் தெரியும் அதற்குள் வெவ்வேறு இயல்புள்ளவை கலந்து கிடக்கின்றன. டெபியனின் ஸ்டேபிள் வெளியீட்டில் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் தனி ரகம். அங்கே பொதுவாக மென்பொருளின் பதிப்பை மாற்றுவதில்லை; புதிய பதிப்பில் செய்யப்பட்ட ஓட்டையடைப்பை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் பொருத்தித் தருகிறார்கள். நடத்தை மாறாமல் ஓட்டை மட்டும் அடைபட வேண்டும் என்பதற்காக எத்தனையோ பேர் செய்யும், வெளியே தெரியாத உழைப்பு அது. இந்த ரகத்தைத் தானியங்கியாக விட்டுவிடலாம். அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற வசதி அதற்காகவே இருக்கிறது. உபுண்டு சர்வரில் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் அது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும்.

கோஹாவின் புதிய பதிப்பு இன்னொரு ரகம். ஆண்டுக்கு இரு முறை, மே மாதமும் நவம்பரும் பெரிய வெளியீடு. இடையில் மாதந்தோறும் பராமரிப்பு வெளியீடு. பெரிய வெளியீடு வரும்போது தரவுத்தளத்தின் அட்டவணைகளே மாறுகின்றன. பொதி எங்கிருந்து வர வேண்டும் என்று குறிப்பிடும் வரியில் ஸ்டேபிள் என்று எழுதி வைத்திருந்தால், அந்தச் சொல் இன்று ஒரு பதிப்பைக் குறிக்கும்; அடுத்த வெளியீட்டுக்குப் பிறகு வேறொன்றைக் குறிக்கும். அப்போது வழக்கமாக அடிக்கும் ஆப்ட் அப்கிரேட் என்ற அதே கட்டளை, சிறு திருத்தம் என்று நினைத்தவரை அடுத்த பெரிய பதிப்பில் கொண்டுபோய் இறக்கிவிடும். பதிப்பின் எண்ணையே அந்த வரியில் எழுதி வைத்தால், தாவும் நாளை நாம் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கோப்பில் ஒரு சொல்தான் வித்தியாசம். அந்தச் சொல்லைப் பார்த்து வைத்திருப்பதைத்தான் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது என்கிறேன்.

பாதுகாப்புத் திருத்தத்துக்கு அவசரம் காட்டுவதும், புதிய வசதிகளுக்குப் பொறுமை காட்டுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்ஸீ என்ற சுருக்குநிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் வெளிப்படுத்தினார். எஸ்எஸ்எச் லாகினுக்கு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் துருவிப் போனவர் அவர். டெபியனின் சோதனைக் கிளைகள்வரை வந்துவிட்ட அந்தப் பதிப்புகள் ஸ்டேபிளை எட்டியிருக்கவில்லை. மெதுவாக நகரும் கிளையில் இருந்தவர்கள், ஒன்றும் செய்யாமலேயே அன்று காப்பாற்றப்பட்டார்கள். அந்த மெதுவுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருந்தது. அப்டேட்டே போடாமல் கிடந்த கணினியின் மெதுவையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

*

திரும்பி வரும் வழி என்றதும் எல்லோரும் பேக்கப் என்றுதான் சொல்வார்கள். இரவில் தானாக ஓடி, தரவுத்தளத்தை ஒரு கோப்பாக எழுதி வைக்கும் ஏற்பாடு எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்து மீட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு.

இதற்கு 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனபோது, அது சேர்ந்திருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6க்கு மாறிவிட்டிருந்தது, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் அது பிழை சொல்லி நின்றுபோயிற்று. பிழையைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. அனுப்புநரைச் சரிபார்க்கும் விதிமுறையில் தோற்று நிராகரிக்கப்பட்டன. சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்துவைத்த நகல் ஒன்று இருந்ததால், இழப்பு அந்த ஆறு மணி நேரத்தோடு நின்றது. நடந்த அத்தனையையும் அந்த நிறுவனம் மறைக்காமல் எழுதி வெளியிட்டது; மீட்பு வேலையை நேரலையிலும் காட்டியது. அந்த நேர்மையால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அழித்த கை அல்ல. தரவுத்தளம் முன்னே நகர்ந்தபோது, அதோடு சேர்ந்து நகர வேண்டிய பேக்கப் பின்தங்கிவிட்டது. அப்படிப் பின்தங்கியது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அன்றிரவு பேக்கப் ஓடியதா, கோப்பின் அளவு நேற்றையதை ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதும் அப்டேட் வேலையில் சேர்ந்ததுதான்.

மீட்டுப் பார்ப்பதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. கழித்துப்போட்ட ஒரு மேசைக்கணினி போதும். அதில் அதே டெபியனை, அதே கோஹாவை நிறுவி, நேற்றிரவு பேக்கப்பை அதில் மீட்டு, அதன்மேல் அப்டேட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஒரே காரியத்தில் பல பதில்கள் கிடைத்துவிடுகின்றன. பேக்கப் உண்மையிலேயே திறக்கிறது என்று தெரிகிறது. அட்டவணை மாற்றங்கள் நம் தரவின்மேல் சிக்கலில்லாமல் நடக்கின்றனவா என்று தெரிகிறது. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிகிறது. ஓர் எச்சரிக்கை: அந்த நகலில் மாணவர்களின் பெயரும் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அப்படியே இருக்கும். முதல் வேலையாக அதிலிருந்து மின்னஞ்சல் வெளியே போகும் வழியை அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒத்திகைக் கணினி நிஜமான மாணவர்களுக்குத் தவணை தவறிய புத்தகங்களைக் கேட்டுக் கடிதம் அனுப்பத் தொடங்கிவிடும். வேலை முடிந்ததும் அந்த நகலை அழித்துவிடுவதும் கடமைதான். அது நம் தரவு இல்லை; மாணவர்கள் நம்பிக் கொடுத்தது.

மெய்நிகர்க் கணினியில் சர்வரை ஓட்டுபவர்களுக்கு ஸ்னாப்ஷாட் என்ற வசதி இருக்கிறது. அப்டேட்டுக்கு முந்தைய நொடியில் வட்டின் நிலையைப் பிடித்து வைத்துக்கொண்டு, தவறிப்போனால் அந்த நிலைக்கே திரும்பலாம். அருமையான வசதிதான். ஆனால் அது அதே வட்டில் இருக்கிறது. வட்டு போனால் அதுவும் போயிற்று. ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டவர்கள், ஒரே கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு இரண்டு கயிறு இருப்பதாக நம்புகிறார்கள்.

*

நாளும் நேரமும் பார்ப்பது இங்கே மூடநம்பிக்கை அல்ல. கல்லூரி நூலகத்துக்கு அதற்கென்று பருவங்கள் உண்டு. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் புத்தகங்கள் கை மாறிக்கொண்டே இருக்கும். இறுதியாண்டு மாணவர்கள் நோ டியூ கையெழுத்துக்கு வரிசையில் நிற்கும் நாட்களில் சர்வர் அரை நாள் நின்றாலும் யாரோ ஒருவருக்கு மாற்றுச் சான்றிதழ் தள்ளிப்போகும். விடுமுறையின் முதல் வாரம் நல்ல நேரம்: கூட்டம் இல்லை, ஏதாவது நேர்ந்தால் சரிசெய்யக் கையில் நாட்களும் உண்டு. கடைசி வாரம் நல்லதல்ல. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பொதிகள் பாதி நிறுவப்பட்ட நிலையில் மின்சாரம் போவதைவிட மோசமான இடைநிறுத்தம் இல்லை. வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகப் போடுபவர்கள் டீமக்ஸ் போன்ற ஒன்றுக்குள் உட்கார்ந்து கட்டளையை அடித்தால், நம் இணைய இணைப்பு அறுந்தாலும் அங்கே வேலை தொடர்ந்து நடக்கும். வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது மிகச் சாதாரணமான சோதனை. ஆனாலும் பழைய கர்னல்கள் சேர்ந்து பூட் பகுதி நிறைந்து அப்டேட் நடுவில் நின்றுபோவதை இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள்.

கட்டளையை அடித்த பிறகு, பொதிகள் ஒவ்வொன்றாக இறங்கிப் பிரிந்து அமரும் நேரத்தில், ஓட்டம் திடீரென்று நின்று ஒரு கேள்வி வரும். இந்த அமைப்புக் கோப்பு நிறுவப்பட்ட பிறகு உங்கள் பக்கத்தில் மாற்றப்பட்டிருக்கிறது, பொதியைத் தயாரித்தவரும் புதிய வடிவம் அனுப்பியிருக்கிறார், எதை வைத்துக்கொள்வது? எல்லாம் முடியட்டும் என்ற அவசரத்தில் இருப்பவர் ஒய் என்று அடித்துவிடுவார். புதியதுதானே நல்லது என்ற எண்ணம்.

அந்தக் கோப்பு ஸீப்ராவின் தேடல் அமைப்பைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். லத்தீன் அல்லாத எழுத்துகளில் இருக்கும் நூல்கள் தேடலில் ஒழுங்காகக் கிடைக்க, சொற்களைப் பிரிக்கும் முறையை ஐசியு என்பதற்கு மாற்றுவது வழக்கம். தமிழ் நூல்களுக்காக என்றோ ஒருவர் அக்கோப்பில் அந்த மாற்றத்தைச் செய்திருப்பார். அவர் இப்போது வேறு ஊரில் இருப்பார். ஒய் என்று அடித்தவுடன் அவர் செய்தது ஓரம் கட்டப்படும். பிறகு இணையப் பக்கம் திறக்கும். ஆங்கிலப் பாடநூல்கள் எல்லாம் தேடினால் வரும். கணினித் துறையும் வணிகவியல் துறையும் ஒரு குறையும் காணமாட்டார்கள். தமிழ்த் துறை மாணவி ஒருத்தி நாவலின் பெயரைத் தட்டிவிட்டு, இல்லை என்ற பதிலைப் பார்த்துத் திரும்பிப் போவாள். அலமாரியில் அந்தப் புத்தகம் இருக்கும். அவள் புகார் எழுதித் தரமாட்டாள். இந்த நூலகத்தில் அது இல்லை என்றே நினைத்துக்கொள்வாள்.

அந்தக் கேள்விக்கு டி என்று பதில் சொன்னால், இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாட்டை வரிவரியாகக் காட்டும். ஒன்றும் சொல்லாமல் என்டர் தட்டினால், நம்முடைய கோப்பையே வைத்துக்கொள்ளும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றதை அழிப்பதில்லை. பெயருக்குப் பின்னால் ஒரு குறிப்பு ஒட்டிப் பக்கத்திலேயே வைத்துவிடும். இதை வடிவமைத்தவர்கள் நம்மை நம்பாமல் இல்லை. நாம் களைத்திருக்கும் நேரத்தையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் வைத்துத் தந்த அந்த நிறுத்தத்தில் ஒரு நிமிடம் நின்று படிப்பதுதான் நம் பங்கு.

*

அப்டேட் முடிந்தது என்று திரை சொன்ன பிறகு செய்யும் சோதனையில்தான் பெரும்பாலும் அலட்சியம் நுழைகிறது. முகப்புப் பக்கம் திறந்துவிட்டால் எல்லாம் சரி என்று எழுந்துபோகத் தோன்றும். 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்தபோது, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் திருத்தப்பட்ட பொதியை அன்றே போட்டவர்கள் பலர். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தொடங்கும்போது நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். வட்டில் புதியது வந்து அமர்ந்திருக்க, நினைவகத்தில் பழைய ஓட்டையோடு அப்பாச்சி ஓடிக்கொண்டே இருக்கும். அதை ரீஸ்டார்ட் செய்தால்தான் திருத்தம் உயிர்பெறும். இப்போது நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி எந்தெந்தச் சேவை இன்னும் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பட்டியல் தருகிறது. கர்னல் மாறியிருந்தால் முழு ரீபூட்தான் வழி. அதை நம் கண்ணெதிரே, நாம் தேர்ந்தெடுத்த நேரத்தில் செய்துவிடுவது நல்லது. புதிய கர்னலில் எழுந்திருக்க மறுத்தாலும், பழைய கர்னல் தொடக்கப் பட்டியலில் காத்திருக்கும். அதைத் தேர்ந்தெடுக்க அருகில் ஆள் வேண்டும்.

இதைவிட நுணுக்கமான பிசகு ஒன்று போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தும் செயலிகளுக்கு நேர்ந்தது. சொற்களை வரிசைப்படுத்தும் விதியை அது இயக்க முறைமையின் ஜிலிப்ஸி என்ற நிரல்தொகுப்பிடமிருந்து கடன் வாங்குகிறது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்ஸி 2.28 பதிப்பில் அந்த விதி மாறியது. அமெரிக்க ஆங்கில அமைப்பில் 1-1, 11 என்ற இரண்டையும் வரிசைப்படுத்தச் சொன்னால் பழையது 11ஐ முதலில் வைக்கும். புதியது 1-1ஐ முதலில் வைக்கும். இவ்வளவுதான் மாற்றம். ஆனால் தரவுத்தளத்தின் இன்டெக்ஸ் என்பது முன்பே வரிசைப்படுத்தி வைத்த பட்டியல். பழைய விதிப்படி அடுக்கியதைப் புதிய விதிப்படி தேடினால், இருக்கிற பதிவு இல்லை என்று வரும். ஒன்றுதான் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவதும் நுழைந்துவிடும். உபுண்டு 18.04இலிருந்து 20.04க்கோ, டெபியன் 9இலிருந்து 10க்கோ இயக்க முறைமையை மட்டும் மாற்றி, தரவுத்தளத்தைத் தொடாமல் விட்டவர்களுக்கு இது நேர்ந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. இன்டெக்ஸ்களை மறுபடி கட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். அப்படிக் கட்ட வேண்டும் என்பது வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்தவர்களுக்கே தெரிந்திருந்தது. பிந்தைய போஸ்ட்கிரெஸ் பதிப்புகள் இதைக் கவனித்து எச்சரிக்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

ஆகவே சேவைகள் ஓடுகின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. வாசகர் வந்து என்னென்ன செய்வாரோ அதையெல்லாம் நாமே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ஒரு தமிழ் நூலைத் தேட வேண்டும், ஓர் ஆங்கில நூலைத் தேட வேண்டும். சோதனை உறுப்பினர் பெயரில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, திரும்ப வாங்க வேண்டும். பார்கோடு படிக்கிறதா, ரசீது அச்சாகிறதா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும் வாசகர்களை உள்ளே விடுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கோஹாவின் அட்டவணைகள் ஒருமுறை புதிய வடிவுக்கு மாறிவிட்டால் பழைய வடிவுக்கு இறக்கிக் கொண்டுவரும் வழி அதில் கிடையாது. திரும்புவது என்றால் பழைய பொதியையும் அப்டேட்டுக்குச் சற்று முன் எடுத்த பேக்கப்பையும் கொண்டுவருவதுதான். யாரும் உள்ளே வராத வரையில் அது முழுமையான திரும்புதல். காலையில் கதவு திறந்து முதல் மாணவன் ஒரு புத்தகத்தை எடுத்துப் போன நொடியிலிருந்து, திரும்புவதற்கு ஒரு விலை வந்துவிடுகிறது. அவன் எடுத்தது பழைய பேக்கப்பில் இருக்காது. மதியத்துக்குள் அந்த விலை நூறு பரிவர்த்தனையாகிவிடும். ஒரு வாரத்தில் திரும்புவது என்ற பேச்சுக்கே இடமிருக்காது. திரும்பும் வழி எப்போதும் திறந்திருப்பதில்லை. அது எந்த நேரத்தில் மூடிக்கொள்கிறது என்று தெரிந்து, அதற்கு முன்பே முடிவெடுப்பதுதான் இந்தக் கலையின் கடினமான பகுதி. இரவு எட்டு மணிக்குள் இந்தச் சோதனைகள் தேறவில்லை என்றால் பழையதற்கே போய்விடுவோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டவர், நள்ளிரவில் களைப்போடு பேரம் பேச வேண்டியிருக்காது.

*

அடிக்கடி, சிறிது சிறிதாகச் செய்வதில் ஒரு பலன் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மாதம் ஒருமுறை அப்டேட் போடுபவர் மாதம் ஒருமுறை தன் சர்வரை நினைவுபடுத்திக்கொள்கிறார். எந்தக் கோப்பில் என்ன மாற்றம் செய்தோம், பேக்கப் எங்கே போகிறது, எந்தச் சேவை மெதுவாக எழும் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் இருக்கிறது. நான்கு ஆண்டு தொடாமல் விட்டவரிடம் மென்பொருள் மட்டும் பழையதாவதில்லை. அதைப் பற்றிய அறிவும் கரைந்துவிடுகிறது. அப்போது வரும் பயம் நியாயமான பயம்தான். தொடாதீங்க என்ற புத்திமதி அந்தப் பயத்தை மேலும் ஓராண்டுக்கு வளர்த்துவிடுகிறது. பதிப்புகளின் இடைவெளியும் கூடிக்கொண்டே போகிறது.

இந்த அறிவு ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பதும் ஆபத்துதான். சர்வருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்; தாளில் எழுதிய நோட்டு, ஏனென்றால் சர்வர் படுத்த நாளில் அதற்குள் இருக்கும் குறிப்பைப் படிக்க முடியாது. எந்தத் தேதியில் எந்தப் பதிப்பிலிருந்து எதற்குப் போனோம், என்ன கேள்வி வந்தது, என்ன பதில் கொடுத்தோம், தமிழ்த் தேடலுக்காக எந்தக் கோப்பில் கைவைத்தோம், எந்தச் சோதனை தேறியது. அதைப் பார்த்து இன்னொருவர் ஒருமுறையாவது இந்த வேலையைத் தனியாகச் செய்து முடித்திருக்க வேண்டும். ஐசியு மாற்றத்தைச் செய்துவிட்டு வேறு ஊருக்குப் போனவர் நான்கு வரி எழுதி வைத்திருந்தால், ஒய் என்று அடிக்கப் போன கை நின்றிருக்கும்.

சொந்த சர்வரில் சொந்தமாக ஓட்டுவது ஒரு சுதந்திரம். நம் வாசகர் என்ன படிக்கிறார் என்ற விவரம் நம் கட்டடத்துக்குள் இருக்கிறது. ஏதோ ஒரு நிறுவனம் விலையை ஏற்றியதற்காகவோ கடையை மூடியதற்காகவோ நாம் புத்தகம் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. இந்தச் சுதந்திரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அதனாலேயே அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலைக்குப் பெயரும் நேரமும் கொடுக்கப்பட வேண்டும் என்று சொல்கிறேன். கட்டற்ற மென்பொருளால் செலவு மிச்சம் என்று ஆண்டறிக்கையில் எழுதும் நிர்வாகங்கள், அந்த மிச்சத்தின் ஒரு பகுதியை வேறு யாரோ தம் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிக்கொண்டிருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. கேட்பது பெரிய தொகை இல்லை. மாதம் சில மணி நேரத்தை அலுவல் நேரமாக எழுதித் தருவது, ஒத்திகை பார்க்க ஒரு பழைய கணினி, வேறு இடத்தில் வைக்கப்படும் பேக்கப்புக்கு ஒரு வட்டு, வேலை தெரிந்த இரண்டாவது ஆள். அடுத்த ஆண்டு நூலக பட்ஜெட்டில் புத்தகக் கொள்முதலுக்கும் இதழ்ச் சந்தாவுக்கும் கீழே மூன்றாவது வரியாக இதை எழுதிவிடலாம்.